சயாம் மரண ரயில் பாதைக்குப் போன மலாயாத் தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை எப்படி இருந்தது?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு) மட்டுமே மிஞ்சியது, வேலையும் அரிசியும் இல்லை. அப்போது ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் சேர்த்தார்கள். தாமாகப் போனவர்களை அந்தப் பசிதான் சயாமுக்கு அனுப்பியது என்பதே என் கணிப்பு. நாளுக்கு ஒரு டாலர் கூலி, மூன்றே மாதம் என்ற வாக்கை நம்பிச் சிலர் போனார்கள். பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள்.

சரக்கு ரயில் பெட்டியில் சயாமின் பான்போங் ஊர் வரை சென்று, அங்கிருந்து காட்டுக்குள் நடக்க வேண்டும். பர்மாவின் தன்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர் பாதை. மண்வெட்டியால் மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கரை எழுப்பியவர்கள், இரவில் அத்தாப்பு (பனை வகை ஓலை) கூரையின்கீழ் மூங்கில் பரணில் படுத்தார்கள். மூங்கில் கீறிய சிறு காயம்கூடப் புரையோடி எலும்பைக் காட்டும் புண்ணாகிவிடும். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது, அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகளிடையே இருந்ததைப்போலச் சொந்த மருத்துவர்களோ படை ஒழுங்கோ இவர்களுக்கு இல்லை. ஆகவேதான் இவர்களிடையே சாவு பன்மடங்கானது.

1943 அக்டோபர் 17 அன்று தண்டவாளங்கள் இணைந்த பிறகும் பலர் பராமரிப்பு வேலைக்கே நிறுத்தப்பட்டார்கள். பிழைத்துத் திரும்பியவர் மடியில் முடிந்து வந்த வாழைமர நோட்டுகள் (ஜப்பானியர் வெளியிட்ட பணம்), 1945இல் பிரிட்டிஷார் மீண்டும் வந்ததும் செல்லாக்காசாயின. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இறந்த தமிழர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.