சிவப்புப் புள்ளிக்குப் பயப்படாதீர்கள் – வாசகர் கேள்வி பதில்

துகள் முடுக்கிகள் (எலெக்ட்ரான் போன்ற நுண்துகள்களை அதிவேகமாக ஓடவைக்கும் இயந்திரங்கள்) பற்றிய சர்வதேச மாநாட்டுக்கு என் முதல் கட்டுரையை அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அதன் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. "சரிசெய்து மறுபடி ஏற்றவும்" என்று ஒரே ஒரு வரி. என் ஆய்வு தேறவில்லையா? கைடிடம் சொல்லவே பயமாக இருக்கிறது.
– ஆராய்ச்சி மாணவி, சென்னை

முதல் வேலையாகக் கைடிடம் போய்ச் சொல்லுங்கள் அம்மா. அந்தப் புள்ளிக்கும் உங்கள் ஆய்வுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை நிகழ்ச்சிக் குழு எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. இப்போது உங்கள் கோப்பு இருப்பது பதிப்பாசிரியர்கள் கையில். கோப்பு ஒழுங்காகத் திறக்கிறதா, எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிகிறதா, இருபது வருஷம் கழித்தும் படிக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கவலை.

இந்தத் துறையின் மாநாட்டுத் தொகுப்புகளை வெளியிடுவது ஜேகோ என்ற கூட்டு அமைப்பு. 'ஜாயின்ட் ஆக்சிலரேட்டர் கான்ஃபரன்சஸ் வெப்சைட்' என்பதன் சுருக்கம். அங்கே பச்சை என்றால் கோப்பு தயார். மஞ்சள் என்றால், "நாங்கள் சில இடங்களில் கை வைத்திருக்கிறோம், நீங்கள் பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள்" என்று பொருள். சிவப்பு என்றால், "இது எங்களால் ஆகாது, நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்." அவ்வளவுதான்.

நான் முடுக்கி ஆய்வகம் ஒன்றின் நூலகத்தில் வேலை பார்த்தவள். 2007 ஜனவரிக் கடைசியில் ராஜா ராமண்ணா மையம் இந்தூரில் ஆசிய முடுக்கி மாநாட்டை நடத்தியபோதுதான் அந்தப் பதிப்பு மேஜையில் முதன்முதலாக உட்கார்ந்தேன். அதன் பிறகு எத்தனையோ கோப்புகளுக்குப் புள்ளி வைத்திருக்கிறேன். சிவப்பு விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், எழுத்துரு, அதாவது ஃபாண்ட், கோப்புக்குள் பொதியப்படாததுதான். உங்கள் கணினியில் அந்த ஃபாண்ட் இருப்பதால் உங்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். இன்னொருவர் கணினி, தன்னிடம் இல்லாத ஃபாண்டுக்குப் பதிலாக வேறொன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

இதில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாநாட்டில், சாப்பாட்டு நேரத்துக்குள் பத்துக் கோப்பாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு கட்டுரைக்குப் பச்சை வைத்துவிட்டேன். முடுக்கியில் ஓடும் துகள் கற்றையின் அகலம் 5 மைக்ரான் என்று அதில் எழுதியிருந்தார்கள். மைக்ரானுக்குப் போடும் கிரேக்க எழுத்து 'மியூ', 'சிம்பல்' என்ற ஃபாண்டில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த ஃபாண்ட் கோப்புக்குள் இல்லை. அதனால் 'மியூ' போய் அந்த இடத்தில் 'எம்' வந்துவிட்டது. 5 மைக்ரான் 5 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. ஆயிரம் மடங்கு! வாக்கியம் பிசகவில்லை, வரி உடையவில்லை. பார்க்கிற கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. இரண்டாவது சரிபார்ப்புக்கு உட்கார்ந்திருந்த வெளிநாட்டுத் தோழிக்குத்தான் சந்தேகம் தட்டியது. "இவ்வளவு தடிமனான கற்றையை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்வார்கள்?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பு வைத்தேன். எழுதியவர் மறுநாள் காலை வந்து, மூலக் கோப்பிலிருந்து புதிதாக பிடிஎஃப் எடுத்துக் கொடுத்தார்.

ஒருவர் பச்சை வைத்த கோப்பை இன்னொருவர் மறுபடி பார்த்தே தீர வேண்டும் என்ற வழக்கம் இதற்காகத்தான் இருக்கிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. பிடிஎஃப் கோப்பின் பண்புகளைத் திறந்து ஃபாண்ட் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபாண்டின் பக்கத்திலும் அது பொதியப்பட்டிருப்பதாகக் குறிப்பு இருக்க வேண்டும். வரைபடங்களுக்குள் இருக்கும் எழுத்துகளை மறந்துவிடாதீர்கள். மாட்லாபிலோ வேறெதிலோ வரைந்து ஒட்டிய படத்துக்குள்தான் பல சமயம் கோளாறு ஒளிந்திருக்கும்.

அது சரியாக இருந்தால் தாளின் அளவைப் பாருங்கள். நம் ஊரில் ஏ4 தாள், 210க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்காவில் லெட்டர் தாள், ஏறக்குறைய 216க்கு 279. ஏ4இல் அமைத்ததை அமெரிக்கர் அச்செடுத்தால் கீழே வெட்டுப்படும், லெட்டரில் அமைத்ததை நாம் எடுத்தால் பக்கவாட்டில் இடிக்கும். ஜேகோ இரண்டிலும் குறைந்ததை எடுத்துக்கொண்டது. ஏ4இன் அகலம், லெட்டரின் உயரம். 210க்கு 279. உலகத்தில் எந்தக் கடையிலும் விற்காத தாள் அது! ஆனால் எந்த ஊர் அச்சுப்பொறியிலும் ஒரு வரி வெட்டுப்படாமல் விழும். இதை முதன்முதலில் யோசித்தவர்களுக்கு என் மனதில் தனி மரியாதை உண்டு. அவர்கள் தரும் வேர்டு, லேடெக் டெம்ப்ளேட்டுகளில் இந்த அளவு ஏற்கனவே இருக்கிறது. சீனியர் அண்ணன் கொடுத்த பழைய கோப்பை எடுத்து அதன் மேலேயே எழுதியிருந்தால், இப்போதே புது டெம்ப்ளேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

உங்கள் பத்தியில் ஜேகோ பற்றி முன்பு ஒருமுறை படித்தேன். எங்கள் நூலகத்தில் ஒரு தொகுதி வாங்கவே நிதி கேட்டு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே மட்டும் படிப்பவரிடமும் காசு வாங்குவதில்லை, எழுதுபவரிடமும் வாங்குவதில்லை என்கிறீர்கள். செலவு யார் தலையில்?
– கல்லூரி நூலகர், பாளையங்கோட்டை

நியாயமான கேள்வி சார். செலவு இல்லாமல் இல்லை, ஊர் கூடித் தேர் இழுக்கிறார்கள்.

மாநாட்டுக்கு வருபவர்கள் கட்டும் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி பதிப்பு வேலைக்குப் போகிறது. பெரிய செலவு ஆள்தான். அந்த ஆட்களை உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் தங்கள் சம்பளத்திலேயே அனுப்பிவைக்கின்றன. இந்த வருஷம் உங்கள் மாநாட்டுக்கு எங்கள் ஆள் வருவார், அடுத்த வருஷம் எங்கள் மாநாட்டுக்கு உங்கள் ஆள். மென்பொருளும் அப்படித்தான். கட்டுரைகளை வாங்கி நிர்வகிக்கும் அமைப்பு ஒன்றை அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். தொகுப்பைக் கோத்துத் தரும் நிரல்கள் ஜெர்மனியின் ஜிஎஸ்ஐ ஆய்வகத்தில் எழுதப்பட்டன. இப்போது, ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகம் உருவாக்கிய இண்டிகோ என்ற மென்பொருளுக்கு மாறியிருக்கிறார்கள். அந்த இண்டிகோவை நீங்களும் நானும்கூட இறக்கி இலவசமாகப் பயன்படுத்தலாம்.

ஜேகோ தொடங்கியது 1990களின் பிற்பாதியில். வலை பிறந்ததே செர்னில்தான், 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முன்மொழிவிலிருந்து. அந்த வலையை முடுக்கிக்காரர்கள் தங்கள் கட்டுரைகளுக்குச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று, ஆசியாவுக்கு ஒன்று என்று தனித்தனியே நடந்த பெரிய மாநாடுகள் 2010இல் கியோட்டோவில் ஒன்றாகி ஐபேக் என்ற பெயர் பெற்றன. அது ஒன்றுக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வரும். மாநாடு முடிகிற நாளிலேயே முதல் வடிவம் இணையத்தில் ஏறிவிடும். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது கட்டுரைகளைத் திறந்து படிக்கலாம்!

உங்கள் மாதிரி நூலகர் மகிழ வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1965இல் நடந்த முதல் அமெரிக்க முடுக்கி மாநாட்டின் கட்டுரைகளில் தொடங்கி, பழைய அச்சுத் தொகுதிகள் பலவற்றை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். கடவுச்சொல் கேட்காது, கல்லூரிச் சந்தா கேட்காது. பாளையங்கோட்டையில் ஒரு மாணவன் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோனில் திறந்தாலும் திறக்கும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு பயனில்லை. இந்த வேலை செய்பவர்களுக்குச் சொந்த இடத்தில் மதிப்புக் குறைவு. நான் வேலை பார்த்த இடத்தில் வருடாந்திரப் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. "ஒரு வாரம் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்ட அதிகாரிக்கு, நானூறு பேருடைய கட்டுரை படிக்கும்படி வெளியே போனது என்று விளக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டேன். ஆய்வகங்கள் ஆள் அனுப்புவதை நிறுத்தினால் இந்த ஏற்பாடு ஒரே வருஷத்தில் நின்றுபோகும். பணத்தட்டுப்பாட்டைவிட எனக்கு அதுதான் பயம்.

எங்கள் துறை ஆண்டுதோறும் தேசியக் கருத்தரங்கு நடத்துகிறது. இந்த முறை ஒருவர் வந்து, கட்டுரைக்கு இத்தனை ரூபாய் என்று மாணவர்களிடம் வாங்கிக்கொடுங்கள், ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் எல்லாக் குறியீட்டுத் தளங்களிலும் ஏற்றித் தருகிறேன் என்கிறார். நாங்களே ஜேகோ மாதிரி ஒன்று செய்ய முடியாதா?
– உதவிப் பேராசிரியர், விருதுநகர்

அவரை அனுப்பிவிடுங்கள் ஐயா. எந்தக் குறியீட்டுத் தளமும் இடையில் ஒருவர் கொடுக்கும் வாக்குக்குக் கட்டுப்பட்டதல்ல. மாணவர்களிடம் வசூலித்த பிறகு அவரைத் தேடி அலைபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்களே செய்யலாம். உங்கள் துறை கணினி அறிவியல் என்றால் வழி ரொம்பச் சுருக்கம். ஜெர்மனியின் ஆஹன் நகரிலிருந்து 1995 முதல் நடக்கும் சியூர் என்ற இணையத் தொடர் இருக்கிறது, பட்டறைகளின் கட்டுரைத் தொகுப்புகளை வெளியிடுவது. தன்னார்வலர்கள் நடத்துவது, யாரிடமும் காசு வாங்குவதில்லை, இதுவரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்திருக்கின்றன. ஆனால் கண்டிப்பு உண்டு. கட்டுரைகளை எப்படி மதிப்பிட்டுத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பார்ப்பார்கள், ஆசிரியர்களின் ஒப்புதல் கையெழுத்துக் கேட்பார்கள், உள்ளடக்கப் பக்கத்தை நீங்களே அவர்கள் சொன்ன வடிவில் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

வேறு துறை என்றால், தொகுப்புக்கு ஐஎஸ்பிஎன் எண் வாங்குங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள அரசு முகமை அதை இலவசமாகவே தருகிறது, இதற்குக்கூடப் பணம் பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள். கட்டுரைகளைச் செர்ன் நடத்தும் ஸெனோடோ என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றினால், ஒவ்வொன்றையும் இணையத்தில் அடையாளம் காட்டும் நிரந்தர டிஓஐ எண் காசில்லாமல் கிடைக்கும். கல்லூரி இணையதளத்தை மட்டும் நம்பாதீர்கள். முதல்வர் மாறினால் தளமும் மாறும், பழைய இணைப்புகள் எல்லாம் செத்துப்போகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ஆள். ஜேகோவில் ஒரு புதிய மாநாடு சேர விரும்பினால், முதலில் தன் பதிப்பாசிரியரை அவர்களுடைய கூட்டத்துக்கு அனுப்பி, இன்னொருவர் மாநாட்டில் உட்கார்ந்து வேலை கற்கச் சொல்வார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பக்கத்துக் கல்லூரிகள் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் பொறுமையுள்ள இருவர், மொத்தம் ஆறு பேர். ஒரே டெம்ப்ளேட். கருத்தரங்குக்கு ஒரு வாரம் முன்பே கட்டுரை வந்துவிட வேண்டும். கருத்தரங்கு நடக்கும் இரண்டு நாளும் அந்த ஆறு பேருக்கும் ஒரு தனி அறை, நல்ல இணையம், வேளாவேளைக்கு டீ. கட்டுரையாசிரியர் அங்கேயே இருப்பதால் சிவப்பு விழுந்தால் கூப்பிட்டு உட்காரவைத்துச் சரிசெய்துவிடலாம். அவர் ஊருக்குப் போய்விட்டால் அதே வேலைக்கு மூன்று மாதம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் வருஷம் முப்பது கட்டுரைக்கு மேல் எடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் சிசி பை உரிமம் போடுங்கள். எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். எழுதியவரிடமிருந்து பதிப்புரிமையை எழுதி வாங்க வேண்டாம்.

தமிழ் பற்றிய கணினி ஆய்வுகள் இப்படித் திறந்து கிடைக்குமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

கிடைக்கும் ஐயா. கணினி மொழியியல் சங்கத்தின் 'ஏசிஎல் ஆந்தாலஜி' என்ற தொகுப்பைத் திறந்து 'டமில்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். திராவிட மொழிகளுக்கான மொழித் தொழில்நுட்பப் பட்டறையின் கட்டுரைகளும் 2021இலிருந்து அங்கே இருக்கின்றன. முழுக் கட்டுரையையும் இறக்கலாம், காசு கிடையாது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் எடுத்துக்காட்டுகள் நம் வாக்கியங்கள்தான். எங்கேயாவது சந்தி தப்பாக இருந்தால் எழுதியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், முகவரி கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.