டி.எம்.டி. நார்மல், மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. சர்க்கரை வந்து 9 வருடமாகிறது, பி.பி.யும் உண்டு. அவருடைய அண்ணனுக்கு 50 வயதில் ஹார்ட் அட்டாக் வந்தது. இவருக்கு நெஞ்சுவலி கிடையாது. தினமும் அண்ணா நகர் டவர் பார்க்கில் நடக்கிறார். ஆபீஸ் செக்கப்பில் இ.சி.ஜி., டி.எம்.டி. இரண்டும் நார்மல். அதனால் டாக்டர் எழுதிய கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடவே மாட்டேன் என்கிறார். சி.டி. ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிடலாமா? எனக்கு 48 வயது. சர்க்கரை இல்லை, கொலஸ்ட்ரால் மட்டும் கொஞ்சம் அதிகம். நானும் எடுக்க வேண்டுமா?
- வாசகி, வில்லிவாக்கம்

பதில்: சாய ஊசி போட்டு இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேன்தான் சி.டி. ஆஞ்சியோ. அதற்கான பணம் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். முதலில் அந்த மாத்திரையை அவர் போட வேண்டும்.

டிரெட்மில் மெஷினில் நடக்கும்போது இதயத் தசைக்கு ரத்தம் பற்றாமல் போகிறதா என்பதைத்தான் டி.எம்.டி. பார்க்கிறது. ரத்தக்குழாய் 70 சதவீதம் அளவுக்குச் சுருங்கினால்தான் பெரும்பாலும் அது காட்டும். மாரடைப்போ, பல நேரம் பாதிகூட அடைக்காத கொழுப்புத் திட்டு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. நார்மல் ரிப்போர்ட்டோடு போனவர் சில மாதத்தில் அட்டாக்கோடு வருவது இதனால்தான். மெஷின் மேல் குற்றமில்லை.

சர்க்கரை நரம்புகளையும் கெடுப்பதால் வலி தெரியாமலே அடைப்பு வளரலாம், உண்மைதான். அப்படியானால் எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே? அதையும் செய்து பார்த்தார்கள். அமெரிக்கா, கனடாவில் வலியில்லாத 1,100-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. ஸ்கேன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மாரடைப்பில், இதய மரணத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2014-இல் சி.டி. ஆஞ்சியோவை வைத்து வந்த ஆய்விலும் அதே கதைதான். ஆனால், இதய நோய் இல்லாத சர்க்கரைக்காரர்களுக்குத் தினம் 10 மி.கி. அடோர்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்துப் பார்த்த 2004 ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. ஸ்கேனில் அடைப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உங்கள் கணவருக்கு இந்த மாத்திரை உண்டு. பிறகு ஸ்கேன் எதைத் தீர்மானிக்கப் போகிறது?

ஒன்று நடக்கலாம்: அடைப்பைப் பார்த்த பயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொள்வார். ஸ்டென்ட் நெஞ்சுவலியைக் குறைக்கும். வலியே இல்லாதவருக்கு, இடது முதன்மைக் குழாய் அடைப்பு போன்ற சில நிலைகளைத் தவிர, மாத்திரையைவிட அது ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணமில்லை.

'வலி இல்லை' என்ற பதிலை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்மவர்கள் பாதிப் பேர் 'வாயு' என்று சோடா குடித்துச் சமாளிப்பார்கள். முன்பு நான்கு சுற்று நடந்தவர் இப்போது இரண்டில் உட்காருகிறாரா? ரயில்வே மேம்பாலப் படியில் மூச்சு வாங்குகிறதா? சாப்பிட்டு நடந்தால் மேல்வயிறோ தாடையோ இறுக்குகிறதா? தாம்பத்தியத்தில் விறைப்புக் குறைபாடு வந்திருக்கிறதா? கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் இதயக் குழாய்ச் சிக்கலுக்குச் சில ஆண்டுகள் முன்னாலேயே வரக்கூடிய அறிகுறி இது. எதற்காவது 'ஆமாம்' என்றால், பழைய டி.எம்.டி. ரிப்போர்ட்டை மறந்துவிட்டு இதய மருத்துவரிடம் போங்கள்; அப்போது ஸ்கேனுக்கு அர்த்தம் உண்டு. வியர்வையோடு நெஞ்சு இறுகினால் உடனே 108.

மற்றபடி வருடம் ஒரு இ.சி.ஜி., சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனை. எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 70-க்குக் கீழே, பி.பி. 130/80-க்குக் கீழே. ஆஸ்பிரினைத் தானாக ஆரம்பிக்க வேண்டாம். ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. மாத்திரைச் செலவு தடை என்றால், சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது.

இனி உங்கள் விஷயம். மாத்திரை தேவையா இல்லையா என்று உங்கள் மருத்துவரே தயங்கினால், இதயக் குழாய்களில் படிந்த கால்சியத்தை அளக்கும் கால்சியம் ஸ்கோர் ஸ்கேன் உங்களுக்குத்தான் பொருந்தும், அவருக்கல்ல. சாய ஊசி கிடையாது, கதிர்வீச்சும் குறைவு. புகைப்பழக்கமோ நெருங்கிய குடும்பத்தில் இள வயது மாரடைப்போ இல்லாமல் ஸ்கோர் 0 வந்தால், மாத்திரையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம். 100-ஐத் தாண்டினால் நீங்களும் ஆரம்பிக்க வேண்டும்.