கணவர் ஆபரேஷன் செய்துகொண்டால் பலம் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு குழந்தைகள், இரண்டுமே சிசேரியன். சின்னவனுக்கு ஒன்றரை வயது. அவன் பிறந்தபோது எனக்கு ரத்தம் குறைவாக இருந்ததால் கருத்தடை ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். காப்பர் டி போட்ட பிறகு மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாக இருக்கிறது. கணவர் லாரி ஓட்டுநர். “நானே செய்துகொள்கிறேன்” என்கிறார். மாமியாரோ, “உழைக்கிற பிள்ளை உடம்பில் கத்தி வைக்காதீர்கள், பலம் போய்விடும்” என்கிறார். தழும்பில்லாத முறை என்கிறார்களே, அதை நம்பலாமா?
- வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: நம்பலாம். உங்கள் நிலையில் கணவர் செய்துகொள்வதுதான் நல்ல வழி. பெண்ணுக்குச் செய்வதென்றால் வயிற்றுக்குள் போக வேண்டும். இரண்டு சிசேரியனுக்குப் பிறகு உள்ளுறுப்புகள் பழைய தழும்போடு ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. ஆணின் விந்துக்குழாய் விதைப்பையின் தோலுக்கு அடியிலேயே, விரலால் தொட்டு உணரும் இடத்தில் இருக்கிறது. ஆனாலும் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில், தாமே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம். நெருக்கடிநிலைக் காலத்தில் ஆண்களைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போன நினைவும் இதற்கு ஒரு காரணம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று நடப்பது வேறு.

தழும்பில்லாத இந்த முறையைச் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 1974இல் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் உருவாக்கினார். விதைப்பையில் ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். கூர்முனை கொண்ட ஓர் இடுக்கியால் தோலில் சிறு துளையிட்டு, அதை விரித்து, குழாயை வெளியே எடுத்து, ஒரு துண்டை வெட்டி நீக்கி முனைகளைக் கட்டிவிடுவார்கள். குழாய் உள்ளே வெட்டப்படுகிறது. தோலில்தான் கத்தி படுவதில்லை. தோல் வெட்டப்படாமல் விலக்கப்படுவதால் ரத்தக்கசிவு குறைவு, தையலும் தேவையில்லை. கால் மணி நேர வேலை, அன்றே வீடு திரும்பலாம். 1987இல் தாய்லாந்து மன்னரின் பிறந்தநாளையொட்டி பாங்காக்கில் ஒரே நாளில் 1,203 பேருக்கு இரண்டு முறைகளிலும் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தோலைக் கத்தியால் கீறும் பழைய முறையில் நூற்றுக்கு 3.1 பேருக்குச் சிக்கல் வந்தது. புதிய முறையில் 0.4 பேருக்குத்தான்.

பலம் பற்றி மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள். ஆண்மைக்கான ஹார்மோன் விதைகளிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. அடைக்கப்பட்ட குழாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. விந்துத் திரவத்தில் உயிரணுக்களின் பங்கு மிகச் சிறியது என்பதால், வெளியேறும் அளவில்கூட வித்தியாசம் தெரியாது. முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருப்பது, இவை போதும். தார்ப்பாய் இழுத்துக் கட்டுவதும் பாரந்தான், அதை கிளீனரிடம் விட்டுவிடச் சொல்லுங்கள். நெடுந்தூர ஓட்டத்தையும் அந்த ஒரு வாரம் தள்ளிப்போடலாம். வீக்கம் நாளுக்கு நாள் பெரிதானாலோ, காய்ச்சல், சீழ், நிற்காத கசிவு இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நூற்றில் ஓரிருவருக்கு விதைப்பகுதியில் வலி மாதக்கணக்கில் நீடிக்கும். அதையும் தெரிந்துகொண்டே அவர் முடிவெடுக்கட்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது ஆபரேஷனைப் பற்றி அல்ல, அதற்குப் பின்வரும் மூன்று மாதங்களைப் பற்றித்தான். குழாயைக் கட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே தங்கியிருக்கும் உயிரணுக்கள் வெளியேறித் தீரும்வரை கர்ப்பம் தரிக்க முடியும். ஒரு வாரத்தில் தாம்பத்தியம் தொடங்கலாம், ஆனால் காப்பர் டி இல்லையென்றால் ஆணுறை கட்டாயம். மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை செய்து, ஒரு உயிரணுவும் இல்லை என்று உறுதியான பிறகே பாதுகாப்பு. ஆபரேஷனுக்கு வரும் ஆண்களில் பலர் இந்தப் பரிசோதனைக்கு வருவதில்லை. வேலை, கூச்சம், ‘அதுதான் முடிந்துவிட்டதே’ என்ற எண்ணம். பிறகு மனைவி கருவுற்றால் குடும்பமே அவளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். அவர் பரிசோதனை செய்துகொள்ளாததற்குப் பழி சுமப்பது இவள். லோடு எங்கே போனாலும் அந்த வாரம் அவர் ஊரில் இருக்க வேண்டும் என்று இப்போதே பேசிவையுங்கள். பரிசோதனைக்குப் பிறகும் அரிதாக, ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு, தோல்வி நேரலாம். அதனால் எப்போதாவது மாதவிலக்கு தள்ளிப்போனால் தயங்காமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

குழாயை மீண்டும் இணைக்கும் ஆபரேஷன் உண்டுதான். செலவு அதிகம், பலன் நிச்சயமில்லை, வருடம் கூடக்கூட வாய்ப்பு குறையும். மறுபடி குழந்தை வேண்டியிருக்கலாம் என்று சிறு தயக்கம் இருந்தாலும் இப்போது வேண்டாம்.

அரசு மருத்துவமனைகளில் இது இலவசம், ஊக்கத்தொகையும் உண்டு. உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் எந்த மருத்துவமனையில், எந்த நாளில் என்று சொல்வார். சர்க்கரை நோய், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, குடலிறக்கம், விதைப்பையில் நீர்கோத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்து போதும். மாமியாரின் சம்மதம் அந்தப் படிவத்தில் எங்கும் கேட்கப்படுவதில்லை.

கணவரின் பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை காப்பர் டியை எடுக்க வேண்டாம். உதிரப்போக்கு தாங்க முடியாத அளவுக்கு இருந்தால், அவர் ஆபரேஷனுக்காகக் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், மாற்று வழி சொல்வார். ஹீமோகுளோபின் பரிசோதனையை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள்.