கலப்பு வளர்ப்பு இரண்டே நாளில் ஏன் படுத்துவிடுகிறது? ரிக்கார்டோவைக் குடுவைக்குள் கொண்டுவருமுன் அளக்க வேண்டியவை

கேள்வி: லியூசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க முடியாத ஈ. கோலை பாக்டீரியா ரகம் ஒன்று, லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க முடியாத ரகம் ஒன்று. இரண்டையும் சமமாகக் கலந்து, குளுக்கோஸ் சேர்த்த எம்9 ஊடகத்தில் (அமினோ அமிலம் இல்லாத உப்புக் கரைசல்) குலுக்கி வளர்க்கிறேன். தினமும் 1:100 நீர்த்துப் புது ஊடகத்துக்கு மாற்றுகிறேன். முதல் இரண்டு நாள் நன்றாக வளர்கிறது, பிறகு படுத்துவிடுகிறது. அவரவருக்கு ஒப்பீட்டளவில் மலிவாக வருவதைத் தயாரித்து மாற்றிக்கொள்ளச் சொல்லும் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டின்படி இரண்டுக்கும் லாபம்தானே வர வேண்டும்?

பதில்: கோட்பாட்டைப் பொருத்திய இடத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1817-ல் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ இந்தக் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டிய இங்கிலாந்தும் போர்ச்சுகலும் துணி, ஒயின் இரண்டையுமே சொந்தமாகத் தயாரிக்க வல்லவை. வணிகம் வேண்டாம் என்று ஒதுங்கினாலும் பிழைத்துக்கொள்ளும். உங்கள் இரு ரகங்களுக்கும் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஒன்று கசியவிடுவதை நம்பி மற்றொன்று உயிர்வாழ்கிறது, அவ்வளவுதான். லாபமா இல்லையா என்று சொல்ல, மரபணு நீக்காத மூல ரகத்தையும் அதே ஊடகத்தில் தனியே வளர்த்து ஒப்பிட வேண்டும். அந்தக் குடுவை இல்லாமல் 'லாபம்' என்ற சொல்லுக்கே இங்கு அர்த்தம் கிடையாது.

இனி, வளர்ப்பு ஏன் படுக்கிறது என்பதற்கு வருவோம். 1:100 நீர்த்தால் பழைய அடர்த்தியை எட்ட 6.6 தலைமுறை தேவை. அதை 24 மணி நேரத்தில் முடிக்க, இரட்டிப்பு நேரம் 3.6 மணிக்குள் இருக்க வேண்டும். கசிவை நம்பி வளரும் ஜோடிகள் பெரும்பாலும் அதைவிட மெதுவானவை. வளர்வதைவிட வேகமாக நீங்களே அவற்றைக் கழுவி வெளியேற்றுகிறீர்கள். நீர்த்தவுடன் அமினோ அமிலச் செறிவும் நூறில் ஒன்றாகிவிடுவதால், அது மறுபடி சேரும்வரை செல்கள் பட்டினி கிடக்கின்றன, சில சாகின்றன. 1:10 ஆக்கினால் 3.3 தலைமுறை போதும், இரட்டிப்பு நேரம் 7.2 மணி வரை தாங்கும். அதுவும் போதாவிட்டால் 48 மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

முதல் இரண்டு நாள் வளர்ச்சியைக் கண்டு ஏமாற வேண்டாம். முன்வளர்ப்புக்கு எல்பி போன்ற சத்துள்ள ஊடகம் எடுத்திருந்தால், ஒட்டிவந்த அமினோ அமிலமே அதற்குப் போதும். குளுக்கோஸ் இல்லாத எம்9 உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள். ஒவ்வொரு ரகத்தையும் தனியாகவும் எம்9 குளுக்கோஸில் வையுங்கள். தனியாகவும் வளர்ந்தால், கழுவியது போதவில்லை அல்லது கலப்படம் நேர்ந்திருக்கிறது.

அடுத்து, இரண்டு அளவீடுகள். முதலாவது தேவை. லியூசினை 0, 10, 20, 50, 100, 200 மைக்ரோமோலார் என்று கொடுத்து, லியூசின் வேண்டும் ரகத்தின் இறுதி ஒளி அடர்த்தியை (கலங்கலை வைத்துச் செல்களின் அளவைக் காட்டும் எண்) கோடாக வரையுங்கள். ஈ. கோலையின் ஒரு கிராம் உலர் எடைக்கு ஏறத்தாழ 0.43 மில்லிமோல் லியூசின், 0.33 மில்லிமோல் லைசின் தேவை. 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 1 என்பதை லிட்டருக்கு 0.4 கிராம் உலர் எடை என்று கொண்டால், அந்த அடர்த்திக்குச் சுமார் 170 மைக்ரோமோலார் லியூசின். உங்கள் கோடு இதிலிருந்து வெகுதூரம் விலகினால் ஊடகத்தையோ கருவியையோ சந்தேகியுங்கள்.

இரண்டாவது கசிவு. லைசின் வேண்டும் ரகத்தைக் கழுவி, லைசின் இல்லாத எம்9-ல் வைத்து, 0, 4, 8, 24 மணியில் மாதிரி எடுங்கள். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, இருமடங்கு செறிவுள்ள எம்9 குளுக்கோஸுடன் சமமாகக் கலந்து, அதில் லியூசின் வேண்டும் ரகத்தை வளர்த்துப் பாருங்கள். எட்டும் அடர்த்தியை முந்தைய கோட்டில் வைத்தால் லியூசின் அளவு கிடைக்கும். பாதியாக நீர்த்ததால் அதை இரட்டியுங்கள். உயிருள்ள செல்களையும் கூடவே எண்ணுங்கள். எண்ணிக்கை சரிந்துகொண்டிருந்தால் நீங்கள் அளப்பது ஏற்றுமதியல்ல, செத்த செல்களின் உடைமை. மற்ற ரகத்துக்கும் இதையே செய்யுங்கள்.

ஒரு ரகத்தின் செல் மணிக்குக் கசியவிடுவதை, மறு ரகத்தின் ஒரு செல் உருவாகத் தேவைப்படுவதால் வகுத்தால், அந்த மறு ரகத்தின் வரவு. லியூசின் வேண்டும் ரகத்தின் வரவு க, லைசின் வேண்டும் ரகத்தின் வரவு ப என்று வைத்துக்கொள்வோம். கசிந்தது முழுவதும் உள்ளே போய்ச் சேர்ந்தால், லைசின் ரகம் : லியூசின் ரகம் என்ற விகிதம் √(ப/க)-ல் நிலைக்கும்; வளர்ச்சி வீதம் √(க×ப). ஆகவே தொடக்கத்தில் சமமாகக் கலப்பதில் பெரிய பயன் இல்லை, விகிதம் தானாகவே அங்கே நகரும். ஒரு பக்கக் கசிவை மட்டும் இரட்டிப்பாக்கினால் வளர்ச்சி 1.4 மடங்குதான்.

'விலை' பற்றி ஒன்று. டிரிப்டோஃபேன் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் ஒரு மூலக்கூறைத் தயாரிக்க 74.3 உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவாகின்றன, லியூசினுக்கு 27.3. ஆனால் டிரிப்டோஃபேன் தேவை கிராமுக்கு 0.054 மில்லிமோல்தான். பெருக்கிப் பார்த்தால், ஒரு கிராம் செல்லுக்கு ஆகும் மொத்தச் செலவு டிரிப்டோஃபேனுக்கு 4.0, லியூசினுக்கு 11.7. மூலக்கூறின் விலையைப் பார்த்து ஜோடி தேர்ந்தெடுப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஒப்பீட்டு நன்மையைச் சோதிப்பதுதான் நோக்கம் என்றால், இரண்டையும் தயாரிக்கக்கூடிய ரகங்கள் வேண்டும். ஒரு அலகு குளுக்கோஸில் முதல் ரகம் 6 லியூசின் அல்லது 3 லைசின், இரண்டாவது 2 லியூசின் அல்லது 2 லைசின் தயாரிப்பதாகக் கொள்வோம். லைசினின் வாய்ப்புச் செலவு (ஒரு லைசின் தயாரிக்க விட்டுக்கொடுப்பது) முதலாவதுக்கு 2 லியூசின், இரண்டாவதுக்கு 1. ஒரு லைசினுக்கு 1.5 லியூசின் என்று மாறினால் இரண்டுக்கும் லாபம். வழியில் பாதி கரைந்துபோனால் இரண்டாவதுக்குக் கிடைப்பது 0.75, சொந்தமாகவே 1 தயாரித்திருக்கலாம். குலுக்கும் குடுவையில் இந்த இழப்பு சிறியதல்ல. சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே உடைக்கும் ஈஸ்ட்டில், உடைந்ததில் சுமார் 1 சதவீதம் மட்டுமே அந்தச் செல்லுக்குப் போகிறது என 2009-ல் அளந்தார்கள். மீதி அக்கம்பக்கத்துக்கு.

வாரக்கணக்கில் ஓட்டினால் ஓசிக்காரர்கள் வருவார்கள்: கசிவைக் குறைத்துக்கொண்டு வாங்குவதை மட்டும் தொடரும் திரிபுகள். சோயா செடி அப்படிப்பட்டவர்களைத் தண்டிக்கும். அதன் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா ரைசோபியம். 2003-ல் காற்றின் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் கொடுத்து, நைட்ரஜன் தர முடியாமல் போன ரைசோபியங்களின் பெருக்கம் சரிவதைக் காட்டினார்கள். உங்கள் குடுவையில் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்க யாரும் இல்லை, ஆகவே உயிர்களின் கூட்டுறவைச் சந்தையாகப் பார்க்கும் கோட்பாட்டின் அந்தப் பகுதியை இங்கே இழுக்காதீர்கள். அதே கலவையை எம்9 குளுக்கோஸ் அகார் மேல் வைத்த வடிகட்டித் தாளிலும் வளர்த்துப் பாருங்கள். இடம் பெயராத செல்களில் கசிவு பக்கத்திலேயே தங்குகிறது, ஓசிக்காரர்களுக்கு எட்டுவதும் குறைகிறது.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மூன்று எம்9 குளுக்கோஸ் தட்டுகளில் பரப்புங்கள்: லியூசின் மட்டும், லைசின் மட்டும், எதுவுமில்லாதது. தட்டுக்கு 30 முதல் 300 காலனி வரும்படி நீர்த்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக விழுந்தால் தட்டிலேயே ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்ளும். மூன்றாவது தட்டில் காலனி வந்தால், துணையின்றித் தனியே வளரும் செல் புகுந்துவிட்டது என்று பொருள்; அந்த வரிசையைக் கொட்டிவிட்டு, உறைபெட்டி மாதிரியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.