தூரிகை எழுத்தில் கடைப் பெயர்

கேள்வி: கும்பகோணத்தில் காபிக் கடை தொடங்குகிறோம். தூரிகையால் வேகமாக எழுதியதுபோலச் சாய்வாகவும், ஓரங்கள் சொரசொரப்பாகவும் இருக்கும் ஓர் எழுத்துரு மிகவும் பிடித்துவிட்டது. 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பெயரோடு விலைப்பட்டியலையும் அதிலேயே அமைக்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பெயருக்குத் தாராளமாக வையுங்கள், விலைப்பட்டியலுக்கு வேண்டாம். தூரிகையில் மை வற்றத் தொடங்கும்போது மயிர்கள் பிரிந்து, கோட்டின் நடுவே வெள்ளைக் கீற்றுகள் விழுகின்றன. இவ்வகை எழுத்தின் அழகே அவற்றில்தான் இருக்கிறது. பெரிய பலகையில் கை ஓடிய வேகத்தைக் காட்டும் அதே கீற்றுகள், பட்டியலின் சிறிய எழுத்தில் அடைபட்டுப்போகும், அல்லது அச்சுக் கோளாறுபோலத் தெரியும். எழுத்தின் அளவு பற்றிய கவலை நம் காவிரிப் படுகைக்குப் புதிதன்று. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால்தான், சிறிய எழுத்துகளை அங்கிருந்த கிறித்தவ மிஷனரிகள் இங்கேயே வார்த்துக்கொண்டார்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். 'கும்பகோணம்' என்ற சொல்லில் உள்ள மூன்று சுழி 'ண', உட்சுழி அடைபட்டால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு சுழி 'ன' ஆகிவிடும். 'ப'வுக்கு மேலே தெறித்த ஒரு மைத்துளி புள்ளியாகவே படிக்கப்படும். உண்மையான புள்ளியோ சொரசொரப்பில் பாதி கரைந்து நிற்கும். இந்தச் சொல்லில் 'ம்' இருமுறை வருகிறது. இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீற்று இருந்தால், கையெழுத்து என்ற தோற்றம் அப்போதே கலைந்துவிடும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் மாற்று வடிவங்கள் உள்ள எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். அவை இல்லையென்றால், டிடிபி கடையில் எழுத்தைக் கோட்டுருவமாக (ஓரங்களை இழுத்துத் திருத்தக்கூடிய வரைவடிவமாக) மாற்றச் சொல்லி, ஒரு 'ம்'மின் ஓரத்தையாவது திருத்தச் சொல்லுங்கள். வினைல் ஸ்டிக்கரை வெட்டி ஒட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஏனெனில் ஒவ்வொரு சிறு துளியும் தனித்துண்டாக வெட்டப்பட்டு உரிந்துவிடும். ஃபிளெக்ஸில் அச்சிடுவதே பொருத்தம்.

கேள்வி: சாதாரண எழுத்துருவையே கணினியில் சாய்த்துக்கொண்டால் போதாதா? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: போதாது. வெனிஸ் நகரில் பதிப்பாளர் ஆல்டஸ் மனூஷியஸ் 1501இல் வெளியிட்ட நூலுக்காகச் சாய்வெழுத்தை வெட்டிக் கொடுத்த ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ, நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துச் சாய்க்கவில்லை. அக்காலத்துக் கையெழுத்தைப் பின்பற்றியே வெட்டினார். கணினி வெறுமனே சாய்க்கும்போது சுழிகள் நசுங்கிக் கோட்டின் தடிமன் தாறுமாறாகிறது. 'டிகிரி' போன்ற சொல்லில் ஒவ்வோர் எழுத்தின் மேல்வளைவும் அடுத்த எழுத்தின்மேல் சாய்ந்து முட்டுகிறது. தூரிகையால் எழுதிய சாய்வெழுத்திலோ, கை சாயும்போதே அந்த வளைவு குறுகி, அடுத்த எழுத்துக்கு இடம் விட்டுவிடுகிறது.