எம்ஜிபி கார் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்: நாலாவது கப் முழுதாக இறங்கவில்லை, சர்க்ளிப் பூட்டவில்லை

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) யுனிவர்சல் ஜாயின்டில், கிராஸ் என்ற சிலுவைத் துண்டின் நாலு கால்களிலும் ஊசி ரோலர்கள் அடங்கிய ஒரு கப் மாட்டும்; அதைச் சர்க்ளிப் என்ற பூட்டு வளையம் பிடித்துக்கொள்ளும். நாலாவது கப் இறங்காவிட்டால் இனிமேல் வைஸில் (பிடிப்புக் கருவி) அழுத்த வேண்டாம். மூன்று கப் சரியாக உட்கார்ந்து நாலாவது மட்டும் சர்க்ளிப் பள்ளத்துக்கு முன்பே முட்டி நிற்கிறது என்றால், ஊசி ரோலர் ஒன்று சாய்ந்து கப்பின் அடியில் படுத்துவிட்டது. கப் இறங்காமல் நிற்கும் தூரம் ஏறக்குறைய ஒரு ரோலரின் தடிமன் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கப்பை வெளியே எடுத்து ரோலர்களை எண்ணுங்கள், நல்ல கப்பிலும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். பழைய கிரீஸைத் துடைத்து, கெட்டியான லித்தியம் கிரீஸ் தடவி ரோலர்களைச் சுவரோடு ஒட்டவையுங்கள். அழுத்தும்போது கிராஸின் காலை அந்தக் கப்புக்குள் பாதியாவது நுழைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கால் உள்ளே இருந்தால் ரோலர் சாய இடமில்லை. பலரும் இதை விட்டுவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சர்க்ளிப் பூட்டிய பிறகும் ஜாயின்ட் விறைப்பாக இருந்தால், யோக்கின் (கப்கள் உட்காரும் கவை) காதுகளில் செம்புச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கப் சற்று வெளியே நகர்ந்து சர்க்ளிப்பில் சாய்ந்ததும் இளகும்.

வளைந்த ரோலரையோ தழும்பு விழுந்த கப்பையோ திரும்பப் போடவே கூடாது, முழு கிட்டும் புதிதாக வாங்குங்கள். சர்க்ளிப்பைத் தேய்த்து மெலிதாக்கிப் பூட்டுவதும் ஆபத்து: ஓட்டத்தில் கழன்றால் ஷாஃப்டே கீழே விழும்.

சறுக்கு ஸ்ப்ளைனை (ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடும் பல்வெட்டு இணைப்பு) கழற்றியிருந்தால், ஷாஃப்டின் இரண்டு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் வருகிறதா பாருங்கள். ஒரு பல் மாறினாலும் வேகத்தில் அதிரும்.