சட்டையைக் கழற்றவே கூச்சமாக இருக்கிறது, ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: வயது 23. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மார்பு பெண்களுக்குப் போல் துருத்திக்கொண்டிருக்கிறது. திருச்செந்தூரில் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால் குடும்பத்தோடு கோயிலுக்குக்கூடப் போவதில்லை. “ஆம்பளைக்கு எதுக்குடா அழகு ஆபரேஷன்?” என்கிறார் அப்பா. நல்லது கெட்டது சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, இத்தனை வருடம் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறீர்கள், இதைப் போய் ஆடம்பர ஆசை என்று நான் சொல்லவே மாட்டேன். இதற்குக் கைனகோமாஸ்டியா என்று பெயர். வளரும் வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்குக் கொஞ்சமாவது வரும், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே அடங்கிவிடும். உங்களுக்கு அடங்கவில்லை, இனியும் காத்திருப்பதில் பலன் இருக்காது.

ஆனால் கத்தி வைக்கும் முன் அது கொழுப்பா, சுரப்பியா என்று தெரிய வேண்டும். மல்லாந்து படுத்து, காம்பைச் சுற்றி இரண்டு விரலால் மெதுவாகச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பொத்தான் மாதிரி, ரப்பர் பதத்தில் ஒரு தட்டு அகப்பட்டால் அது சுரப்பி, எத்தனை தண்டால் எடுத்தாலும் கரையாது. வெறுமனே மெத்தென்று இருந்தால் கொழுப்பு, எடை குறைந்தாலே ஓரளவு இறங்கும். ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலோ, முடி கொட்டாமல் இருக்க ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டாலோ டாக்டரிடம் மறைக்காதீர்கள், இரண்டுமே இதை உண்டாக்கும். ஹார்மோன், தைராய்டு, கல்லீரல் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், விதைப்பையையும் தொட்டுப் பார்ப்பார்கள், கூச்சப்படாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி இருந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ அழகு விஷயத்தை விட்டுவிட்டு உடனே காட்டுங்கள். அபூர்வம்தான், ஆனால் ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்.

சரி, ஆபரேஷன். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் சின்னதாகக் கீறிச் சுரப்பியை எடுத்து, சுற்றியுள்ள கொழுப்பை லைப்போசக்‌ஷனில் உறிஞ்சுவார்கள். அப்புறம் சில வாரம் இறுக்கமான அழுத்த உடுப்பு, நம் ஊர் வெயிலில் அது பெரிய பாடு. சரியாகச் செய்தால், எடையும் ஏறாமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் திரும்ப வராது. கெட்டது என்றால், உள்ளே ரத்தம் கட்டலாம், காம்பு மரத்துப்போகலாம், சிலருக்கு அந்த உணர்ச்சி திரும்புவதே இல்லை. அளவுக்கு மேல் எடுத்துவிட்டால் காம்புக்கடியில் பள்ளம் விழும், அதைச் சரிசெய்வது முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டம். தடுப்பூசித் தழும்போ காது குத்திய இடமோ உங்களுக்குத் தடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், இந்தத் தழும்பும் அப்படியே தடிக்கலாம்.

என்னைக் கேட்டால், சுரப்பிதான் என்று உறுதியானால் செய்துகொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமில் தள்ளுபடி போடும் அழகு நிலையத்தில் மட்டும் வேண்டாம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். என்ற மேற்படிப்பு படித்தவரா என்று கேட்டுக்கொண்டு போங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டலாம். மருத்துவக் காப்பீடு அழகு சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தராது, அதையும் கணக்கில் வையுங்கள்.

முதல் தடவை போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள். அந்தத் தட்டை டாக்டர் தொட்டுக் காட்டும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும்.